வயலுக்கு நடுவே ஒரு படகு

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெஸ்டஸ் ஹெஷன் அவித்த முட்டையை உடைக்கும் நேரத்தில் ஊனாவும் அவள் புருஷன் கோனலும் வந்து கதவைத் தட்டினார்கள். டப்ளினில் பதினாறு வருஷம் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, கோல்மன் ஃபாஹியின் நாற்பது ஏக்கர் பண்ணையை வாங்க வந்தவர்கள். வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் கையெழுத்து; அதுவரை பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள்.

"ஐயா, யாரோ எங்கள விரட்டப் பாக்குறாங்க," என்றாள் ஊனா. "மூணு நாளா விடிஞ்சு போய்ப் பாத்தா, கீழ்வயலுக்கு நடுவுல ஒரு படகு நிக்குது. கடலு பத்து மைல் தள்ளி இருக்கு! ஓரமா இழுத்துப் போட்டுட்டு வர்றோம், மறுநாள் திரும்பவும் நடுவுல நிக்குது."

"பக்கத்துல கேட்டீங்களா?"

"அடுத்த பண்ணை நோராம்மாவ கேட்டோம். 'நல்ல வீடுதான்'னு சொல்லிட்டு கோழிக்குத் தீனி போடப் போயிட்டாங்க."

பெஸ்டஸ் முப்பது வருஷம் வயல்களில் வடிகால் வெட்டியவர். இப்போது வாங்குகிறவர்களுக்காக நிலம் பார்த்துச் சொல்கிறார். விற்கிறவன் பேச்சை நம்பமாட்டார். தரகன் பேச்சைக் காதில் வாங்கவே மாட்டார். அவர் மச்சினன் ஜார்லத், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், வம்பு என்று கேட்டதுமே தொப்பியை எடுத்துவிட்டான்.

"நோரா கிழவிதான் மச்சான்! நெலத்து மேல அவளுக்குக் கண்ணு."

"நீ இன்னும் வண்டியில ஏறவே இல்ல. அதுக்குள்ள ஆளப் புடிச்சிட்டியா?"

கீழ்வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. ஜார்லத் படகிடம் ஓடினான். பெஸ்டஸ் படகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்சுவரிடம் போனார். மார்பளவு உயரம் வரை கற்களில் காய்ந்த கரும்பாசி. அதற்கு மேல் கல் வெள்ளை. விரலால் தேய்த்து முகர்ந்தார். சரிவில் முள்மரங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், கோடு கிழித்தாற்போல நின்றுவிட்டிருந்தன. அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"இழுத்தவன் குடிகாரன் மச்சான்," என்று ஜார்லத் கத்தினான். "கோல்மன் கொட்டாயிலேர்ந்து தடம் வருது. நேர்வழிய விட்டுட்டு, அறுக்காத புல்லைச் சுத்தி அரை மைல் இழுத்திருக்கான்!"

பெஸ்டஸ் ஊனாவிடம் திரும்பினார். "எடத்த எப்பப் பாத்தீங்க?"

"ஜூன்ல. அன்னிக்கே தரகர் முன்னாடி கோல்மன் இந்த ஊர் வழக்கப்படி உள்ளங்கையில துப்பி, இவரு கையில அடிச்சு வெலப் பேச்ச முடிச்சாரு."

"அதுக்கப்புறம்?"

"போன வெள்ளிக்கிழமை அவரோட பசு கன்னு போடக் கஷ்டப்பட்டுச்சு. ராத்திரி பூரா நான் கூட இருந்தேன். தாயும் கன்னும் பொழச்சிடுச்சு. காலையில என் கையப் புடிச்சவரு விடவே இல்ல. அதுக்கு மறுநாள்தான் படகு."

சாயங்காலம் கோல்மனின் சமையலறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நோராவும் வந்திருந்தாள். கோல்மன் தேநீர் ஊற்றினார், பாதி மேசைமேல் விழுந்தது.

"மொதல்ல படகு எதுக்குன்னு சொல்றேன்," என்றார் பெஸ்டஸ். "அந்தப் பாசி தண்ணிக்குள்ள வளர்றது. தண்ணி நிக்கிற எடத்துல முள்மரம் வராது. நவம்பர் பொறந்தா தரைக்கடியிலேர்ந்து தண்ணி ஊறும். வயலு ஏரியாயிடும், வசந்தம் வரைக்கும் வடியாது. நாப்பதுல இருவத்திரெண்டு ஏக்கர் கோடையில மட்டும்தான் நெலம், மத்த மாசம் அதுல படகுதான் போகும்."

கோனல் கோப்பையைத் தள்ளிவைத்தான். "ஒருத்தரும் சொல்லலையே!"

"அடுத்தவன் நெலம் வெலைக்கு இருக்கும்போது அதப் பழிச்சுப் பேசறதில்ல, தம்பி," என்றாள் நோரா. "இங்க வழக்கம் அப்படி."

"அப்ப படகு வெச்சது நீங்கதானே?" ஜார்லத் எழுந்துவிட்டான்.

"உக்காருடா," என்றார் பெஸ்டஸ். "விரட்ட வர்றவன் அறுக்காத புல்லுக்காக அரை மைல் சுத்துவானா? மிதிச்சிட்டுப் போவான். அந்தப் புல்லு வீணாப் போனா யாருக்கு வலிக்கும்? வெதச்சவனுக்கு."

எல்லோரும் கோல்மனைப் பார்த்தார்கள். பெரியவர் கெட்டிலை வைத்தார்.

"கைய அடிச்சுக் குடுத்துட்டேன். எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க வீட்டுல அத யாரும் மாத்தினதில்ல. ஜூன்ல இவங்க எனக்கு யாரோ டப்ளின்காரங்க. இந்தப் பொண்ணு வைக்கோல்ல முட்டி போட்டு விடிய விடிய இருந்தப்புறம் எனக்குச் சோறு எறங்கல. நான் பேச்ச மாத்த முடியாது. படகப் பாத்தாவது ஏன்னு கேப்பாங்க, அவங்களா வெலகிக்குவாங்கன்னு நெனச்சேன்."

"வெளங்கும்," என்றார் பெஸ்டஸ். "வாயத் தொறக்கறதவிட படக இழுக்கறது சுலபமாயிருந்திருக்கு உனக்கு."

ஊனா எழுந்தாள். "நீங்க மாத்த வேணாம் பெரியவரே. வாங்கறவ நானே அந்தப் பேச்சுலேர்ந்து உங்கள விடுவிக்கிறேன். வீடும் மேட்டுல இருக்கற பதினெட்டு ஏக்கரும் ஒரு வெல. கீழ்வயலு கோடை மேய்ச்சலுக்கு மட்டும், அதுக்குத் தனி வெல." உள்ளங்கையில் துப்பி நீட்டினாள்.

கோல்மன் அடித்த அடியில் கோப்பைகள் குலுங்கின.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு இத்தனை நாள் அடைத்திருந்தது திறந்துகொண்டது. "கெழக்குக் காத்து அடிச்சா அடுப்புப் பொகை வீட்டுக்குள்ளயே வரும். ஜூலையில கெணத்துத் தண்ணி துரு வாடை. பின்பாதையில நோராவுக்கு வண்டி ஓட்ட உரிமை உண்டு..."

"போதும்யா, வித்த மாதிரிதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நோரா.

"பேசட்டும் விடு," என்றார் பெஸ்டஸ். "விக்கிறவன் வாயிலேர்ந்து இதெல்லாம் வந்து நான் கேட்டதே இல்ல."

ஊனா பெஸ்டஸ் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, நாற்காலியைக் கோல்மன் பக்கம் இழுத்துப் போட்டாள். "மெதுவா சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதிக்கறேன், எழுதி முடிச்சதும் வாங்கிக்கறேன்."