பச்சை விளக்கு... பச்சைப் பொய்!

மானத்துக்கு விலை உண்டா என்று கேட்பவர்கள் சந்தைப் பக்கம் போகாதவர்கள்.

உண்டு. போக வர விமான டிக்கெட் ஒன்று. புது ஷூ ஒரு ஜோடி.

அந்த விலைக்குப் பேரமே பேசாமல் தன் மானத்தை விற்றிருந்த தையல்காரர், விமான நிலையத்தின் நட்ட நடுவில் விழுந்து அலறினார்.

"ஐயோ... ஷூ!"

குதிகால் பிளந்து கிடந்தது. உள்ளேயிருந்து வைரங்கள்... பாசிமணி அறுந்தாற்போல உருண்டு ஓடின!

சற்று முன்புதான் பொய் பிடிக்கும் மெஷின் அவருக்குப் பச்சை விளக்கு காட்டி, வழியனுப்பி வைத்திருந்தது.

ஜன்னல் இல்லாத அறை. நடுவில் மெஷின் நாற்காலி. மூலையில் ஒற்றை ஷூவோடு தையல்காரர்.

மெஷின் ஆபரேட்டர் சுவரோடு சுவராக நின்றார். நாள் முழுக்க முள் கிழிக்கும் கோட்டையே பார்ப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'முள்ளு சார்'.

சோதனைப் பிரிவின் தலைமை அதிகாரியான மேடம் கேட்டார். "பச்சை வாங்கிட்டுப் போனவர் ஏன் திரும்பி வந்தீங்க?"

"கையெழுத்துப் போடக் குடுத்த பேனாவைத் தெரியாம பாக்கெட்ல வச்சுட்டேன் மேடம். மனசு கேக்கல. குடுத்துட்டுப் போலாம்னு ஓடி வந்தேன்... கால் தடுக்கிடுச்சு."

"வைரத்தைக் கடத்துவீங்க. பேனாவைக் கடத்த மாட்டீங்களா?"

"பேனா உங்களோடது மேடம்!"

மேடம் சிரிப்பை விழுங்கினார். "யாரு அனுப்பினது?"

"பேர் தெரியாது. கோட்டு தைக்க வந்தார். அளவு எடுக்கும்போது, 'உன் வாழ்க்கையிலயே பெரிய வெட்கம் எது?'ன்னு கேட்டார்."

"அதுக்கு?"

தையல்காரர் தலை குனிந்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து அண்ணன் போன் பண்ணினான். கடன் கேப்பான்னு எடுக்கல. அதான் அவனோட கடைசிப் போன்... அதைச் சொன்னேன். 'வேலை உனக்குத்தான்'னுட்டார்."

"வெட்கத்துக்கு வேலையா?!"

"அப்படித்தான் சொன்னார் மேடம். 'அந்த மெஷின்ல பொய் சொல்றவன் மாட்டுவான்... வெட்கப்படுறவன் தப்பிப்பான்'னு."

முள்ளு சார் சடாரென நிமிர்ந்தார்.

அது அவருடைய வாக்கியம்!

"ஆள் எப்படி இருப்பான்?" என்றார் மேடம்.

"பேசும்போதெல்லாம் சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டே இருப்பார்."

போச்சு. மனைவியின் தம்பி!

ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவன். "மாமா, உங்க மெஷினை யாருமே ஏமாத்த முடியாதா?" என்று அவன் கேட்க, வாய் நிறையச் சோற்றோடு இவர் பெரிய மனிதராகிவிட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

மெஷினின் சூட்சுமம் இதுதான். முதல் கேள்வி: 'உங்களை நம்பினவங்களை எப்பவாவது ஏமாத்தியிருக்கீங்களா?' எல்லோரும் 'இல்லை' என்பார்கள். அந்தப் பொய்க்கு முள் எவ்வளவு துள்ளுகிறதோ, அதுதான் அளவுகோல். அடுத்த கேள்வி கடத்தல் பற்றி. அதற்கு அளவுகோலைத் தாண்டித் துள்ளினால் சிவப்பு. தாண்டாவிட்டால் பச்சை.

முதல் கேள்வியிலேயே வெட்கத்தில் வெந்து போகிறவனுக்கு? எதைக் கடத்தினாலும் பச்சை!

"இது தெரிஞ்சவங்க ரெண்டே பேர்" என்றார் மேடம். "நீங்க... நான். உட்காருங்க முள்ளு சார். அடுத்து நான்."

உட்கார்ந்தார். விரலில் கிளிப். மார்பில் பட்டை.

"உங்களை நம்பினவங்களை ஏமாத்தியிருக்கீங்களா?"

நம்பினவரே எதிரில் நின்று கேட்கிறார்! முள் காகிதத்தின் விளிம்புக்கே பாய்ந்தது.

"இ... இல்ல மேடம்."

"ரகசியத்தை வெளிய சொன்னீங்களா?"

"இல்ல."

பச்சை!

பிழைத்தார். ஆனால் அந்தப் பச்சை, முகத்தில் உமிழ்ந்தது போல் இருந்தது.

மேடம் உட்கார்ந்தார். முள்ளு சார் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார். முதல் கேள்விக்கு முள் தூங்கியது. இரண்டாவதற்கு ஒரே ஒரு சின்னத் துள்ளல்.

சிவப்பு!!



மேடம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மெஷின் சொன்னா சொன்னதுதான். மேலிடத்துக்கு எழுதிடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை நிற்கும். வீட்டில் சண்டை வராது. மச்சான் ஞாயிறு வருவான்.

முள்ளு சார் அட்டையைப் பார்த்தார். அதில் மேடத்தின் முகம், பணியில் சேர்ந்த நாளில் எடுத்தது, நம்பிக்கையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அதை எடுத்து மாட்டிக்குங்க மேடம்." அவர் தலை நிமிரவில்லை. "சொன்னது நான்தான். என் மச்சான்கிட்ட. காசுக்கு இல்ல... சும்மா பெருமைக்கு."

"தெரியும்."

"தெரியுமா?!"

"உங்க காகிதத்துல முதல் கேள்விக்கு மலை. தையல்காரர் காகிதத்துலயும் அதே மலை. யாரை ஏமாத்தினதை நினைச்சு இப்படித் துள்ளுதுன்னு யோசிச்சேன். நீங்க என் முகத்தையே பார்க்கல."

"அப்புறம் ஏன் அட்டையைக் கழட்டினீங்க?"

"மெஷின் உங்களைப் பிடிக்கல. இந்த அட்டையாவது பிடிக்குமான்னு பார்த்தேன்." மேடம் போனை நகர்த்தினார். "மச்சானைச் சாப்பிடக் கூப்பிடுங்க. கூட நாலு போலீஸ்காரங்க வர்றாங்கன்னு வீட்ல மட்டும் சொல்லி வைங்க. நாளைக்கு உங்க வேலையைப் பத்திப் பேசலாம்."

முள்ளு சார் எண்ணை அழுத்தினார். மேடம் தன் விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி அவர் விரலில் மாட்டினார்.

"மாப்ள... சாயங்காலம் வர்றியா? சும்மாதான்."

மெஷினில் பச்சை எரிந்தது!

மூலையிலிருந்து தையல்காரர் மெல்லக் கை தூக்கினார்.

"ஐயா... இப்பவாவது இந்தப் பேனாவை வாங்கிக்குங்க."

அன்றைய கணக்கு: பச்சை மூன்று, மூன்றும் பொய். சிவப்பு ஒன்று, அதுவும் பொய். போன பேனா ஒன்று, வந்த பேனா ஒன்று.

நேரானது அது ஒன்றுதான்!