பவளத் தொட்டிக்கு ஒரு சோக்

பவளத் தொட்டியின் விளக்கு அணைந்ததும் தொட்டிக் கண்ணாடி கறுத்துக் கூடத்தைத் திருப்பிக் காட்டியது: தர்மராஜாவின் வழுக்கைத் தலை, பிரம்பு நாற்காலி, பின்னால் வாசற்கதவு. கண்ணாடிக்குள் அந்தக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தித் தாழிடப்பட்டிருந்தது.

கண் சோர்வு என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தின் காணிப் பிரிவில் பகலெல்லாம் வரைபடங்களைப் பார்த்த கண்கள் அல்லவா? அவரை வாட்டியது வேறு கவலை. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள மாத்தளையில், தொட்டியில் உப்புநீர் நிரப்பி, கட்டைவிரல் அளவிலிருந்து அவர் வளர்த்தெடுத்த பச்சைப் பவளம் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு வெயிலுக்கு நிகரான ஒளி வேண்டும். அந்த ஒளியைத் தரும் பெரிய விளக்குக்கு மின்சாரத்தை அளந்து விடுவது சோக். பழைய சோக் எரிந்துபோகவே சாலிஹின் மின்சாமான் கடையில் இரும்புச் சோக் ஒன்று வாங்கினார். அதுவோ மின்சாரம் சற்றுத் தாழ்ந்தாலும் விளக்கைக் கைவிட்டுவிடும். சூடேறிய விளக்கு ஆறும்வரை மறுபடி பற்றாது. அதுவரை கூரையிலிருந்த டியூப் லைட் மட்டும் ஒன்றும் அறியாததுபோல எரிந்துகொண்டிருக்கும்.

"தெரு லைட்டுக்கு மாட்டினா வருஷக்கணக்கா உழைக்கிற சோக் சேர் இது," என்றார் சாலிஹ், கடைக்கு முறையிட வந்த தர்மராஜாவிடம். "உங்க மீனுக்குத்தான் புடிக்கல்ல."

"மீன் இல்ல சாலிஹ். பவளம்."

"அத மாலையாக் கோத்துக் குடுத்தா வீட்டம்மாவாவது சிரிப்பாங்க."

"கொழும்புல எலெக்ட்ரோனிக் சோக் இருக்காம். கரண்ட் தாழ்ந்தாலும் லைட்ட விடாதாம். நானே போய் வாங்கிட்டு வரவா?"

சாலிஹ் குரலைத் தணித்தார். "வயர் தொங்கிற இரும்புப் பெட்டி. அதப் பையில வச்சுக்கிட்டு செக்பொயின்ட்ல இறங்கி, தர்மராஜான்னு பேரச் சொல்லி, இது பவளத்துக்குன்னு விளங்கப்படுத்தப் போறீங்களா?"

அது 2008, போர் நடந்துகொண்டிருந்த காலம்; சோதனைச்சாவடியில் தமிழ்ப் பெயரே சந்தேகத்துக்குப் போதும். இரண்டு குகைகளில் எது நல்லது என்று ஆராய்ந்தபடியே மழையில் நனைந்து செத்த நரியின் கதையை அவர் அலுவலகத்து இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு. இவருக்கோ தேர்ந்தெடுக்க இரண்டாவது குகையே இல்லை. ஏமாற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் அந்தியிலும் விளக்கு அணைந்தது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய குளிர்காற்று ஓட்டிடுக்குகளில் சீழ்க்கையடிக்க, தொட்டியின் நீர்க்குழாய் களகளக்க, உப்பும் பாசியும் கலந்த வாடை கூடத்தில் கனத்து நின்றது. கண்ணாடிக்குள் கதவு முழுவதும் திறந்திருந்தது. வாசலில் ஒருவர் நின்றார். முகம் தெரியவில்லை. தர்மராஜா திரும்பினார். சாத்திய கதவு. விளக்கு மெல்லப் பற்றியது. பவளம் பச்சையாய் எழுந்தது. கண்ணாடியில் எவரும் இல்லை.

அடுத்த முறை அந்த உருவம் வாசலைக் கடந்திருந்தது.

டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தார். இருட்டில் கண்ணாடி எதையும் காட்டவில்லை. ஆனால் நனைந்த துணியின் வாடை வந்தது. மிக அருகிலிருந்து. உடனே டியூப் லைட்டை மறுபடி போட்டார்.

"அந்தத் தொட்டிய யாருக்காவது குடுத்துருங்க," என்றாள் மனைவி இரத்தினம்மா. "ராவெல்லாம் தூக்கத்தில சோக், சோக்னு புலம்புறீங்க."

"குடுத்தா பவளம் செத்துப்போகும்."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

அன்று அந்தியில் கண்ணாடிக்குள் அந்த உருவம் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தது. அணையாத ஒளி ஒன்று கிடைத்தால் போதும். பவளமும் பிழைக்கும். தாமும் பிழைக்கலாம்.

மறுவாரம் சாலிஹ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். லொறி ஓட்டும் அவருடைய மச்சான் கலந்தர், பழைய ரேடியோ ஒன்றின் கூட்டுக்குள் வைத்துக் கொழும்பிலிருந்து சோக்கைக் கொண்டுவந்திருந்தான். "ரேடியோ பாடுமான்னு ஆமிக்காரன் கேட்டானாம். பழுதுன்னு சொல்லியிருக்கான்," என்று சாலிஹ் சிரித்தார். தர்மராஜாவும் நெடுநாளைக்குப் பின் சிரித்தார்.

அன்று மாலை மின்சாரம் பலமுறை தாழ்ந்தது. டியூப் லைட் துடித்து அணைந்தே போனது. தொட்டி விளக்கோ அசையவில்லை. வெள்ளை ஒளி கண்ணாடியைத் தாண்டிக் கூடமெங்கும் பாய்ந்தது. பவளம் தன் விரல்களையெல்லாம் விரித்திருந்தது. தர்மராஜா பெருமூச்சுவிட்டு, முதன்முறையாக நாற்காலியைத் திருப்பிப்போட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி அமர்ந்தார். பத்திரிகையை விரித்தார். பின்னாலிருந்து வந்த ஒளியில் எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன. எதிர்ச் சுவரில் நீரின் அலைகள் நெளிந்தன. கதவு நெளிந்தது. நாட்காட்டி நெளிந்தது.

பத்திரிகை இருண்டது.

மறுபடியும் அணைந்துவிட்டதா என்ற எரிச்சலுடன் நிமிர்ந்தார். சுவர் வெளிச்சமாகவே இருந்தது.

குசினியிலிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது. "வந்தவருக்கும் சேத்து ரெண்டு டீயா ஊத்தவா?"

பத்திரிகையை மடியில் இறக்கினார்.

சுவரில் நாற்காலியின் நிழல். அதில் அவருடைய தலையின் நிழல். இரண்டும் நீரொளியில் நெளிந்தன. அவற்றுக்கு மேலே, நின்ற நிலையில், இன்னொரு நிழல். அது நெளியவில்லை. சிறிதும் நெளியவில்லை.

மெல்லக் குனிந்தது.