குமிழிக்குக் கீழே

"என் முடியா? என் தலையில நீ சொல்ற நீளத்துக்கு முடி இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்றாள் அக்கா.

"அப்ப என்னோடதா?"

"உன் தலையைப் பத்திப் பேசவே வேண்டாம். அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி இருக்கு. குப்புறப் படுத்தா கழுத்துல வேர்க்கும்னு நீயேதான ஒட்ட வெட்டிக்கிட்ட?"

"பின்ன இது யாரோடது?"

"எது?"

"இதோ. குமிழிக்கு வலது பக்கம், தரையில."

அக்காவின் ரப்பர் செருப்புகள் பார்வையின் ஓரத்துக்கு வந்து நின்றன. முட்டி மடங்கும் சத்தம் கேட்டது. அக்காவின் விரல்கள் தரையைத் தடவித் தடவி நகர்ந்தன, அந்த நீளமான ஒற்றை முடியின் மேலேயே இரண்டு முறை போய் வந்தன.

"ஒண்ணுமில்லை, காற்புள்ளி. தரை துடைச்ச ஈரம் கோடு மாதிரி தெரியுது."

காற்புள்ளி என்பது அக்கா வைத்த பெயர். பதிப்பகத்தில் பிழைதிருத்துபவளாகச் சேர்ந்த நாளிலிருந்து, சாப்பாட்டு மேசையில்கூட அடுத்தவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தித் திருத்துகிற தங்கைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது உடம்பும் அந்த வடிவத்துக்கே வந்துவிட்டது. முன்பக்கம் சாய்ந்த ஒரு வாடகை நாற்காலி, நெஞ்சைத் தாங்க ஒரு திண்டு, முகத்தை வைக்க நடுவில் துளையிட்ட தலையணை. துளைக்குக் கீழே தரை. அவளுடைய உலகம் அவ்வளவுதான்.

இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணின் விழித்திரையில், எழுத்தைப் படிக்கிற அந்த நடு இடத்தில், ஓர் ஓட்டை விழுந்தது. முதல் அறுவைசிகிச்சையில் அது மூடவில்லை. வழக்கமான வழியில் இனி மூடாது என்று சொன்ன டாக்டர் அவளை ஓர் ஆய்வில் சேர்த்துவிட்டார். வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருந்து பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுகிற பனிக்குடத்தின் சவ்விலிருந்து கடுகளவு துண்டு எடுத்து, அந்த ஓட்டையில் வைத்து அடைத்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பி அனுப்பினார்கள். வாயுக் குமிழி எப்போதும் மேலே எழும். முகம் தரையைப் பார்த்து இருந்தால்தான் அது கண்ணின் பின்சுவரில் போய் ஒட்டி, சவ்வை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழிப்பறைக்கு நடக்கும்போதும் தலை நிமிரக் கூடாது. நெற்றியில் ஒரு வில்லையை ஒட்டியிருந்தார்கள். தலை கொஞ்சம் உயர்ந்தாலும் அது கீச்சென்று கத்தும்.

"நிமிர்ந்தீங்கன்னா சவ்வு நழுவிடும். மூணாவது தடவை உள்ளே போனா உங்க கண்ணு தாங்காது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அதைச் சத்தமே இல்லாமல் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பார்வை முழுக்கப் பால்வெள்ளையாகத்தான் இருந்தது. வாயு கரையக் கரையக் குமிழி சுருங்கியது. சுற்றிலும் ஒரு வளையம் போலத் தெளிவு வந்தது. வளையத்தில் தரை, நாற்காலியின் கால், அக்காவின் செருப்பு. நடுவில், கருப்பு விளிம்பு கட்டிய வட்டத்துக்குள், சாம்பல் நிறக் கலங்கல். அந்தக் கலங்கலுக்கு ஒரு விசித்திர குணம் இருந்தது. கண்ணுக்கு ஒட்டினாற்போல எதையாவது கொண்டுபோனால் மட்டும் அது தெளிந்துவிடும். கட்டைவிரலின் ரேகைகளை அப்படித்தான் பார்த்தாள். பிறகு ஒரு பழைய அச்சுத்தாளை இமைமயிர் உரசும் அளவுக்குக் கொண்டுபோனாள். ஒரே ஓர் எழுத்து தெரிந்தது. 'ழ'. அதன் சுழி கோணாமல், நடுவில் பள்ளம் விழாமல், முழுசாக இருந்தது. அன்று அழுதாள். அழுத கண்ணீர் நேராகத் தரையில் சொட்டியது.

அந்த நம்பிக்கையைத்தான் அவள் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் இருந்தது ஒரே ஒரு முடி இல்லை. வளையத்தின் வலது பக்கம் ஒரு கொத்து, மேல்பக்கம் இரண்டு இழை, எல்லாமே வட்டத்தின் கருவிளிம்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தண்ணீரில் கிடப்பதுபோல வளைந்து, தரையோடு தரையாகப் படிந்திருந்தன. கூடவே ஒரு வாசனை. குளித்துவிட்டுத் துவட்டாமல் படுத்தவளின் தலையணையில் வருகிற ஈர வாசனை, அதற்குள் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் உப்பு, மூடிய அறையில் வெதுவெதுப்பாகத் தேங்கிய ஏதோ ஒன்று. மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாக்கில் அது தெரிந்தது.

அக்கா தரையைப் பெருக்கினாள். துடைத்தாள். பெருக்குமாறு முடிகளின் மேலே போய் வந்தது, அவை அசையவில்லை. பழைய வெள்ளைப் போர்வையைத் தரையில் விரித்துப் பார்த்தாள். முடி போர்வைக்கு மேலே கிடந்தது, முன்னைவிடக் கருப்பாக. நாற்காலியையும் போர்வையையும் அக்கா முன்னறைக்கு இழுத்துப் போட்டாள். தலையைத் தொங்கப் போட்டபடியே தங்கை நடந்துபோன வழியெல்லாம், அடுத்த காலடியை வைக்கப்போகும் இடத்தில், அது ஏற்கெனவே விரிந்திருந்தது. கழிப்பறையின் ஓடு பதித்த தரையிலும். கைகழுவும் தொட்டிக்குள்ளும்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? உனக்கு இருக்கறதே ஒரு கண்ணு, அதுலயும் நடுவுல இருட்டு," என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "சரி சரி, அழாதே. அழுதா மருந்து கரைஞ்சு போயிடும். வாயைத் திற."

அக்கா உறிஞ்சுகுழாயை வாயில் வைத்தாள். வைப்பதற்காக ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள். ரப்பர் செருப்பு முடிக்கொத்தின் மேல் அழுந்தி நின்றது.

கொத்து இழுபட்டது. தளர்ந்து கிடந்த இழைகள் செருப்பிலிருந்து வட்டத்தின் விளிம்புவரை விறைத்து நேராயின. வட்டத்துக்கு அடியில், கலங்கலுக்குள், கனமான எதுவோ லேசாக ஒரு பக்கம் திரும்பியது.

"ஸ்ஸ்."

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா. "கண்ணு வலிக்குதா?"

அவள் வாயில் குழாய் இருந்தது. உதடுகள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஸ்ஸுன்னியே. எங்க வலிக்குது?"

குழாயைத் துப்பினாள். "அக்கா, காலை எடு."

"எந்தக் காலை?"

"காலை எடு அக்கா, காலை எடு, எடு!"

செருப்பு விலகியது. இழைகள் தளர்ந்து பழையபடி படிந்தன. பிறகு அக்கா போய் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தாள், ஏன் என்று சொல்லாமல்.

ஆய்வுக்குழுவிலிருந்து தினமும் தொலைபேசியில் பேசுகிற பெண்ணுக்கு எப்போதும் உற்சாகமான குரல். அக்கா தொலைபேசியைப் போர்வைமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"மேடம், சூப்பர்! உங்க தலை அசையவே இல்லைன்னு வில்லை சொல்லுது. ஓட்டை மூடற நிலைமையில இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோங்க."

"ஒரு நிமிஷம் நிமிர்ந்துக்கட்டுமா? ஒரே ஒரு நிமிஷம்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம். கரைக்கு வந்துட்டுப் படகைக் கவுத்துடாதீங்க."

அவள் முடியைப் பற்றிச் சொன்னாள். செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

"அது சகஜம் மேடம். கண்ணு வேலைநிறுத்தம் பண்ணா மூளை சும்மா இருக்காது, அதுவா படம் வரைஞ்சுக்கும். பூ, கட்டடம், மனுஷங்கன்னு நிறையப் பேர் பார்ப்பாங்க."

"வேற யாராவது முடியைப் பார்த்தாங்களா?"

எதிர்முனையில் விசைப்பலகையின் சத்தம் நின்றது.

"முடி இல்லை," என்றாள் அந்தப் பெண். உற்சாகம் எங்கோ போயிருந்தது. "ஒருத்தங்க நெத்தின்னு சொன்னாங்க."

"யாரு?"

"உங்களுக்கு முன்னாடி பண்ணிக்கிட்டவங்க. ஒரு சவ்வுல நிறையப் பேருக்குத் துண்டு எடுக்கலாம். உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே சவ்வுதான்."

"யாரோட சவ்வு அது?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க மேடம்."

"அந்தக் குழந்தை நல்லா இருக்கா?"

"எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"சரி. நெத்தியைப் பார்த்தவங்க? அவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்க நிமிர்ந்துட்டாங்க மேடம். நிமிராதீங்கன்னு எவ்வளவோ சொன்னோம்." ஒரு மூச்சு. "இப்ப வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியுது."

அக்கா தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது குரலில் வரவழைத்த தெம்பு இருந்தது. "சொட்டு மருந்து தீரப் போகுது. கடைக்கு ஓடிட்டு வந்துடறேன்."

"போகாதே அக்கா."

"கடை தெருமுனையிலதான இருக்கு? மருந்து இல்லாம உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கதவு சாத்தப்பட்டது. பட்டப்பகல். திறந்த ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டே சீட்டியடித்தார்கள், ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது, எங்கோ ஒரு வீட்டில் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன, வெயில் போர்வையின் ஓரத்தில் ஏறி நடுவை நோக்கி மெதுவாக வந்தது. அவள் அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். சீட்டி நின்றது. வாளி நிறைந்தது. பாத்திரங்கள் ஓய்ந்தன.

அந்த வாசனை.

கண்ணை மூடினாள். மூடிய இமைமேல் மூச்சு பட்டது. சூடாக. ஈரமாக. விட்டுவிட்டு, அழுது ஓய்ந்தவர்கள் மூச்சு விடுவதுபோல.

திறந்தாள்.

வளையத்தில் தரை இல்லை. போர்வை இல்லை. வெயில் இல்லை. சுற்றிலும் முடி. முடி மட்டும்.

நடுவில் கலங்கல் வெளிறிக்கொண்டு வந்தது.

குமிழி சுருங்கியிருக்குமோ? இல்லை. கருவிளிம்பு அதே இடத்தில் இருந்தது. குமிழிக்குள் ஒன்று தெளிவாக வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான்.

அது பக்கத்தில் வர வேண்டும்.

தலையைத் தூக்கினாள். வில்லை கத்தியது. கழுத்து நடுங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு விரல்கடை, பிறகு அறை, ஜன்னல், கதவு, தெரு. பிறகு ஆயுள் முழுக்க வெளிச்சம் இருக்கா இல்லையா என்கிற கேள்வி மட்டும். ஒரு பக்கம் இல்லை. ஒரு வரி இல்லை. ஓர் எழுத்து இல்லை.

"அக்கா," என்றாள்.

யாரும் இல்லை.

தலையைத் தாழ்த்தினாள். அவளேதான் தாழ்த்தினாள். வில்லை அடங்கியது.

ஒரு புருவம். ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக. தோலின் துளைகள். துளைகளில் நீர். நனைந்து ஒட்டிய இமைமயிர்கள், அவளுடைய இமைமயிர்களை உரசியபடி.

ஒரு கண்.

அழுது அழுது வீங்கிய கண். அது அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய கருமணியைத் தாண்டி, குமிழியைத் தாண்டி, உள்ளே பின்சுவர்வரை எதையோ தேடியது. இடம் வலமாக. மேல் கீழாக. பொறுமையாக.

சவ்வு ஒட்டியிருந்த இடத்தில் தேடல் நின்றது. அந்தக் கண் அகன்றது.

"இன்னும் கொஞ்சம் குனியேன்மா," என்றது கீழேயிருந்து ஒரு பெண்குரல், கெஞ்சலாக. "பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கறேன்."