உடன் இருப்பவர் பெயர்

அன்று காலை பதினொரு மணிக்கு, வீட்டுக்குப் போகிறவர்களை உட்கார வைக்கும் அறையில் இருந்தவர்கள்: வயிற்றில் குழாயும் மடியில் மெஷினுமாக மெர்வ் டல்லக், வயது அறுபத்தெட்டு. முழங்கால் மாற்றிக்கொண்ட ஒரு ஸ்கூல் டீச்சர். அவளைக் கூட்டிப்போக வந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த மருமகன். கையில் ஃபாரத்தோடு நர்ஸ் லாவேனியா.

நாலு பேர். டீ கொண்டுவந்தவள் ஐந்து கோப்பை வைத்துவிட்டுப் போனாள்.

மெர்வ் அதைப் பார்த்தார். எண்ணத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

மெர்வின் குடலில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினார்கள். ஆறாம் நாள் ஒட்டிய இடம் ஒழுகியது. மறுபடி கிழித்தார்கள். அந்தக் காயத்தை மூடித் தைக்க முடியாது என்று உள்ளே பஞ்சை அடைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, சீழை உறிஞ்ச ஒரு மெஷினை மாட்டினார்கள். அது ராத்திரி பகலாக உர்ரென்றது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி என்று சொன்னது முப்பத்தொரு நாள் ஆனது. வீட்டுக்குப் போனால் போதும் என்பதைத் தவிர மெர்வுக்கு வேறு நினைப்பில்லை.

"முதல் வாரம் உங்களோட யாரு இருப்பாங்க மெர்வ்?" என்றாள் லாவேனியா. "பேரு எழுதணும். ஆள் இல்லேன்னா அனுப்ப மாட்டேன். அழுதாலும் அனுப்ப மாட்டேன்."

"நான் எதுக்கும்மா அழறேன்? ஆள் இருக்கான்."

ஆள் இல்லை. மனைவி பிரிந்துபோய்ப் பதினெட்டு வருஷம். பேனா கையில் இருந்தது. மனதில் இருந்த ஒரே பெயரை எழுதினார். ஆல்ஃப் குவில்டி. உறவு: நண்பர். இனி மெர்வ் வீட்டில்தான் வசிப்பார்.

ஆல்ஃப் எதிர்க் கட்டிலில் இருந்தவர். உடம்பு தேறி மூன்று மாதமாகியும் அவரை அனுப்பவில்லை. அவர் வாடகை இடத்தில் நிறுத்திக் குடியிருந்த கேரவன் வண்டியை இழுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீடு இல்லாதவனை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? நாளெல்லாம் யூகலிப்டஸ் மிட்டாயை வாயில் போட்டு, பொய்ப்பல்லில் டக் டக்கென்று உருட்டிக்கொண்டே இருப்பார்.

"யோவ் மெர்வ், போறப்ப என் பேரையும் எழுதிக்கய்யா. ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்."

"வாய்யா. பாத்திரம் கழுவ ஆள் வேணும்."

இரண்டு நாளுக்கு முன்னால், காலைக் கஞ்சி வரும் நேரத்தில், ஆல்ஃப் செத்துப்போனார். திரையை இழுத்து மூடி, மதியத்துக்குள் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டாகிவிட்டது. லாவேனியா அந்த வார்டு இல்லை. அவளுக்குத் தெரியாது.

"அவரும் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

மெர்வ் கக்கூசுக்குப் போனார், ஏதாவது சாக்கு யோசிக்க. திரும்பி வந்தபோது ஃபாரம் அவள் ஃபைலுக்குள் இருந்தது.

"முடிஞ்சுது. உங்க ஃபிரெண்டு போட்டுட்டார். பாவம், கை எவ்வளவு சில்லுனு இருக்கு அவருக்கு."

மெர்வ் அறையைச் சுற்றிப் பார்த்தார். டீச்சர். மருமகன். ஐந்தாவது கோப்பை காலியாக இருந்தது.

கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள். கேட்கவில்லை.

மலை ஏறி மெர்வின் ஊரான ரோஸ்பெரி வரைக்கும் மழை. நோயாளிகளைக் காசு வாங்காமல் தன் காரில் கொண்டுவிடும் க்ளெனிஸ் வழியெல்லாம் தன் மகள் கல்யாணத்தைப் பற்றியே பேசினாள். காருக்குள் யூகலிப்டஸ் வாசனை. வெளியே இருக்கிற மரங்கள்தான் என்று மெர்வ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடி எல்லாம் ஏற்றி மூடியிருந்தது.

வீட்டு வாசலில் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்தார். அந்தப் பூட்டுக்கு உள்ளேயிருந்தும் சாவி வேண்டும். ஒரே சாவிதான்.

"மழையில நிக்காதீங்க ரெண்டு பேரும்" என்று காரிலிருந்தே கத்திவிட்டு க்ளெனிஸ் போய்விட்டாள்.

மெர்வ் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பூட்டினார். பூட்டுவதற்குள் தாமதமாகிவிட்டது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சிங்க்கில் ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது, அவ்வளவுதான். தானே கழுவி மறந்திருக்கலாம். மயக்க மருந்து மூளையைக் குழப்பும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் எல்லாக் கோப்பையும் கழுவியிருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் குளிர் எடுத்தது. பற்கள் அடித்துக்கொண்டன. மெஷின் டப்பாவில் இளஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்த நீர் பாசி நிறமாகியிருந்தது. மூடியையும் மீறி நாற்றம். ஜுரமானியில் முப்பத்தொன்பதரை செல்சியஸ், கடும் ஜுரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: நிறம் மாறினால், ஜுரம் வந்தால், உடனே கூப்பிடவும்.

மெஷின் அலறத் தொடங்கியது. பீப். பீப். பீப்.

நின்றது.

மெர்வ் அதைத் தொடவில்லை. உர்ர் சத்தமும் இல்லை. உறிஞ்சல் நின்ற காயத்துக்குள் ஏதோ சூடாகத் தேங்குவது தெரிந்தது.

படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த போன் இல்லை. அது சமையலறை அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுத்தார். வீட்டுக்கு வந்து காயம் பார்க்கும் உள்ளூர் நர்ஸ் ப்ரூவை அழைத்தார்.

"அட, எழுந்துட்டீங்களா!" என்றாள் ப்ரூ. "காலையில கூப்பிட்டேன், ஆல்ஃப் எடுத்தார். ஜுரம் கிரம் ஒண்ணும் இல்ல, நல்லாத் தூங்குறான்னு சொன்னார். நேத்தும் அவர்தான் பேசினார். நல்ல தமாஷான மனுஷன்."

மெர்வ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பின்னால், கழுத்துக்கு மிக அருகில்.

டக்.

டக்.

பொய்ப்பல்லில் மிட்டாய் உருளும் சத்தம்.

"ப்ரூ," என்று முணுமுணுத்தார் மெர்வ். "ஆல்ஃப் செத்துட்டான்."

"என்ன சொல்றீங்க? எப்ப? மெர்வ்..."

போன் செத்தது.

காதுக்குள் குளிர்ந்த மூச்சு. யூகலிப்டஸ். அதற்கு அடியில், திரை மூடி வைத்த கட்டிலின் வாடை.

"திரும்ப அங்க போக வேணாம்யா," என்றது குரல். கெஞ்சலாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "போனா விடமாட்டாங்க. நான் பாத்துக்கறேன். படு."

மெர்வ் படுக்கவில்லை. படுத்தால் எழமாட்டோம் என்று தெரிந்திருந்தது. சமையலறையிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடி. சுவரைப் பிடித்து நடந்தார். பாதியில் கால் மடிந்தது. பிறகு தவழ்ந்தார். பிளாஸ்டிக் பிரிந்து சூடானது தொடையில் வழிந்தது.

பக்கத்திலேயே, அவர் வேகத்துக்கு ஈடாக, ஆஸ்பத்திரிச் செருப்பு தேய்ந்து தேய்ந்து வந்தது.

சாவியைப் பூட்டில் நுழைத்தார். சுற்றவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினார். அந்தப் பக்கம் யாருமே இல்லாத பூட்டு, யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி நின்றது.

எவ்வளவு நேரம் போனதோ, வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். கதவு தட்டும் சத்தம்.

"மெர்வ்! நான் ப்ரூ! ஆம்புலன்ஸோட வந்திருக்கேன், தொறங்க!"

"யோவ் ஆல்ஃப்," என்றார் மெர்வ். தரையில் நெற்றியை வைத்திருந்தார். "விடுய்யா. செத்துருவேன்."

டக். டக்.

"உனக்கு வீடுதானே வேணும்? வச்சுக்க. நீயே வச்சுக்கய்யா. என்னை மட்டும் விடு."

மிட்டாய்ச் சத்தம் நின்றது.

சாவி வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வழுக்கிச் சுற்றியது. பழக்கத்தில் அதை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தார்.

மெர்வை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் படியிறக்கினார்கள். ஊசி ஏற்றினார்கள். இரத்தம் முழுக்கச் சீழ் பரவியிருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் முடிந்தது என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். ப்ரூ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"என்னமோ ஆல்ஃப் செத்துட்டார்னு பயமுறுத்திட்டீங்களே. ஜுரத்துல பிதற்றியிருக்கீங்க."

"வீட்டைப் பூட்டணும்" என்றார் மெர்வ்.

"எதுக்கு? அதான் உங்க ஃபிரெண்டு வாசல்ல நிக்கிறாரே. அவர் இருக்கறதாலதானே உங்களை அனுப்பினாங்க. அடுத்த தடவையும் அவர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாங்க, பாத்துக்கங்க."

மெர்வின் கை கழுத்துக்குப் போனது. கயிறு இருந்தது. சாவியும் இருந்தது, நெஞ்சில் சில்லென்று.

மழையில், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால், வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டு ஒருமுறை சுற்றியது.