மேல்தெருத் தண்ணீர்

1934 நவம்பர் 5, காலை ஏழே முக்கால். பிண்டோஸ் மலைமேல் மவ்ரோபெத்ரா கிராமத்தில் காய்ச்சலுக்குப் பதினோராவது ஆள் பலி என்று ‘பிண்டோஸ் குரல்’ பத்திரிகை அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. கீழே இன்னொரு வரி இருந்தது: ‘கைதியை ஊரார் கையில் ஒப்படைக்கச் சொல்லிக் கூட்டம் கூடியிருக்கிறது.’

ஆசிரியர் கிளியாந்திஸ் உற்சாகமாகிவிட்டார்.

“முதல் பக்கத்தைக் காலி பண்ணுங்க! ‘ஊற்றில் விஷம் கலந்தவன்’. போன வாரத் தலைப்பே இருக்கட்டும், எழுத்து மட்டும் இன்னும் பெரிசா!”

மெய்ப்புத் திருத்தும் எவாந்தியா பென்சிலைத் தொடவில்லை. போன வாரச் செய்தியை எழுதி அனுப்பியவர் ஊர்த்தலைவர் பாலாஸ். அக்டோபர் நடுவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்த சீசிஸ் என்ற நாடோடி, பழைய ஊற்றில் அமிலத்தைக் கொட்டிவிட்டான் என்று குற்றம்சாட்டியிருந்தார். சீசிஸைப் போலீஸ் பிடித்து அடைத்துவைத்திருந்தது. எவாந்தியா அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருந்தாள். ‘சொல்லப்படுகிறது’ என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அது இப்போது உறுத்தியது.

தந்தியில் இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ‘மேல்தெரு’ என்றிருந்தது. அவள் பழைய இதழ்களை எடுத்துப் பிரித்தாள். இறந்தவர் பட்டியலில் முந்தைய பத்துப் பேரும் மேல்தெருதான்.

செப்டம்பர் இதழ் ஒன்றில் ஒரு சின்னச் செய்தி கிடைத்தது. தலைவர் பாலாஸ் மலையுச்சித் தண்ணீரைத் தன் தோட்டம் வழியாகக் குழாயில் கொண்டுவந்து, மேல்தெருவுக்குக் கல் குழாயடி கட்டித் திறந்துவைத்தார். பழைய ஊற்று இனிக் கீழ்த்தெருவுக்கு மட்டும்.

“கிளியாந்திஸ், கீழே கொட்டின விஷம் மேல எப்படி ஏறுச்சு?”

“நீங்க கமாவைப் பாருங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

எவாந்தியா கம்பளி மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பிற்பகல் இரண்டு மணி. மவ்ரோபெத்ரா தேவாலயக் கிடங்கின் வாசலில் போலீஸ் சார்ஜன்ட் ஸாக்காஸ் துப்பாக்கியோடு நின்றிருந்தார். எதிரே முப்பது பேர். சிலர் கையில் கோடரி. உள்ளே சீசிஸ் ஒரு சாக்கின்மேல் சுருண்டு கிடந்தார்.

“எங்க அடுப்பு மூட்டினீங்க?” என்று கேட்டாள் எவாந்தியா.

“பழைய ஊத்துக்குப் பக்கத்துல, தாயே.”

“அமிலம்?”

“ஒரு சின்ன புட்டி. சட்டி தேய்க்கறதுக்கு. மிச்சத்தை மண்ணுலதான் ஊத்தினேன்.”

“எந்தத் தண்ணி குடிச்சீங்க?”

“அதே ஊத்துதான், நாலு நாளும். நான் ஏன் சாகலன்னுதான் இப்ப எல்லாருக்கும் கோவம்.”

மூன்று மணி. தலைவர் வீடு மேல்தெருவின் உச்சியில் இருந்தது. பத்தடி தள்ளி, அவர் பெயர் செதுக்கிய குழாயடி. தெருவில் வீட்டுக்கு வீடு துக்கத்துக்கான கறுப்புத் துணி தொங்கியது. இந்த வீட்டில் மட்டும் யாரும் படுக்கையில் இல்லை. முற்றத்தில் ஒரு கோவேறு கழுதை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதன் இரண்டு பக்கமும் மரப் பீப்பாய்கள், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன.

தலைவரின் மனைவி லாம்ப்ரினி சீமைமாதுளை இனிப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். எவாந்தியா ஒரு வாய் குடித்தாள்.

“ஜில்லுனு இருக்கு. குழாயடித் தண்ணியா?”

“ஐயோ, அது இல்லீங்க. கீழ பழைய ஊத்துலேருந்து வருது. செப்டம்பர் கடைசியில திராட்சை அறுவடை முடிஞ்சதுலேருந்து இவரு எங்களைக் குழாய்த் தண்ணியத் தொடவே விடறதில்ல.”

எதிரே உட்கார்ந்திருந்த பாலாஸ் இருமினார். “எனக்குக் கொஞ்சம் நோஞ்சான் வயிறு. அதான்.”

எவாந்தியா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“சார்ஜன்டைக் கூப்பிடுங்க. ரெண்டு மண்வெட்டியும் கொண்டு வரச் சொல்லுங்க.”

நாலரை மணி. கூட்டம் தலைவரின் தோட்டத்தைச் சுற்றி நின்றது.

“செத்தவங்க பதினோரு பேரும் குழாய்த் தண்ணி குடிச்சவங்க,” என்றாள் எவாந்தியா. “கீழ்த்தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஊத்துல விஷம்னு எங்க பத்திரிகைக்கு எழுதினது யாரு? தலைவர். அந்த ஊத்துத் தண்ணியைத் தினம் வீட்டுக்கு வரவழைச்சுக் குடிக்கறது யாரு? அவரேதான். அதுவும் ஈயம் பூசறவர் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே. குழாய்ல கோளாறுன்னு தலைவருக்கு அப்பவே தெரியும்.”

“பொய்! பொம்பளை பேச்சைக் கேட்டு…” என்று பாலாஸ் ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஸாக்காஸ் குழாய் போகும் வழியில் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் வீட்டுக் கழிப்பறைக் குழிக்கு நேர் கீழே குழாய் உடைந்திருந்தது. விரிசலைச் சுற்றிப் பழந்துணியும் களிமண்ணும். லாம்ப்ரினி அந்தத் துணியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய மேஜைவிரிப்பு.

“அடைச்சா சரியாயிடும்னு நெனச்சேன்,” என்றார் பாலாஸ். “அப்ப திறந்து ஒரு மாசம்கூட ஆகல. எல்லார் முன்னாலயும் எப்படித் தோண்டறது?”

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். முந்தின நாள்தான் மகளைப் புதைத்தவள்.

“எம் பொண்ணு தாகம்னு அழுதப்ப, அந்தக் குழாயடியில நீயே பிடிச்சுக் கொடுத்தியேய்யா.”

பாலாஸ் மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸாக்காஸ் அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். மறுநாள் வந்த டாக்டர், டைபாய்டு என்று உறுதி சொல்லிக் குழாயடியைப் பூட்டினார்.

கிளியாந்திஸ் மறுப்புச் செய்தியை நாலாம் பக்கத்தில், விதை விளம்பரத்துக்குக் கீழே போடச் சொன்னார்.

“முதல் பக்கம். அதே அளவு எழுத்து,” என்றாள் எவாந்தியா. “போன வாரம் ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் பிழையில்லாம அச்சுக்கு அனுப்பினது நான். என் பேரையும் அதுல போடுங்க.”

கிளியாந்திஸ் அச்சுக்கோப்பவரைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை சீசிஸ் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எவாந்தியா செய்தியை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு தாயே. ஆனா அந்த மொதச் சேதி எங்கெல்லாம் போச்சோ, இதுவும் அங்கெல்லாம் போகுமா? ரெண்டு ஊருல என்மேல நாயை அவுத்து விட்டுட்டாங்க.”

அவள் உள்ளே போய் நாற்பது பிரதிகளை எடுத்து வந்து கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் சீசிஸ் போன ஊரிலெல்லாம் முதலில் பாதிரியாரையோ வாத்தியாரையோ தேடிப் பிடித்தார். கூட்டத்துக்கு நடுவே பத்திரிகையை வாசிக்கச் சொல்லி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசி வரி வரை கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டினார்.