கார்புரேட்டருக்கு வெட்டிய தோல்

முதலாளி புது வண்டி எடுத்ததும், தன் பழைய கறுப்பு அம்பாசடரைத் தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி தேவசகாயத்துக்கே கொடுத்துவிட்டார். ஆம்பூரில் ரயில்வே லைன் ஓரத்து வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோதே முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தினால் எஞ்சின் திணறும். விளக்கு எரியும்.

அது 1981. மகள் கிரேஸி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்தால் வேலூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்த வண்டி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, தேவசகாயமே பானெட்டைத் திறந்தார். பெல்ட்டிலும் பேட்டரியிலும் குறையில்லை. எங்கோ காற்றை இழுக்கிறது என்று புரிந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடும் எஞ்சின் மேல் இடம் இடமாக நகர்த்தினார்.

மனைவி ஆக்னஸ் வாசலில் நின்று பார்த்தாள். "டாக்டராட்டம் குழா வச்சிப் பாக்குறீங்களே, பிரசவம் காருக்கா, உங்க பொண்ணுக்கா?"

கார்புரேட்டருக்கு அடியில் 'உஸ்' என்றது. அங்கே மண்ணெண்ணெய் சொட்டவிட்டார். எஞ்சின் சத்தம் மாறியது. காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. ஞாயிறு, கடை இல்லை. ஆம்பூரில் கிழிந்தது எதுவானாலும் தோல் வைத்துத்தான் அடைப்பார்கள். ஷாப்பிலிருந்து கொண்டுவந்த துண்டு ஒன்றை அளவாக வெட்டி, எண்ணெய் தடவி மாட்டினார்.

விளக்கு அணைந்தது. எஞ்சின் பட்டுப் போல ஓடியது. சரிபார்க்க மறுபடி குழாயைக் காதில் வைத்தார்.

மூச்சு.

மனிதன் இழுக்கும் மூச்சு. தொண்டையில் சளி உருண்டது. சுண்ணாம்பும் அழுகிய மயிரும் கலந்த குழி நாற்றம் மேலே வந்தது.

"மேஸ்திரி... கார்ல ஏத்துங்க."

வீரபாகுவின் குரல். போன கோடையில் ஷாப்பின் கழிவுக் குழியில் இறங்கி, விஷவாயு தாக்கி விழுந்தவன். மேலே தூக்கிப் போட்டபோது உயிர் இருந்தது. இதே கார் பக்கத்தில்தான் நின்றது. அவன் பெண்சாதி கங்கம்மாள் காலில் விழுந்து கேட்டாள். சீட்டு நாறிவிடும், மாட்டு வண்டி வரட்டும் என்று சொன்னவர் தேவசகாயம். அது வருவதற்குள் அவன் அடங்கிப்போனான்.

அந்தத் தோலைப் பிடுங்க ஸ்பானரை எடுத்தார். உள்ளே கிரேஸி அலறினாள். வலி கண்டுவிட்டது.

பிடுங்கினால் வண்டி ஓடாது.

வேலூர் ரோட்டில் மாதனூர் தாண்டியதும் பின்சீட்டில் கிரேஸி முனகினாள். "அப்பா, கண்ணாடிய இறக்குங்க. காத்தே வரல."

எல்லாக் கண்ணாடியும் இறக்கித்தான் இருந்தது. ஆக்னஸின் முந்தானை காற்றில் படபடத்தது. கிரேஸியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. கிரேஸிக்கு மூச்சு வந்தது.

கிளப்பினார். அவள் மூச்சு நின்றது.

கை காட்டிய லாரி எதுவும் நிற்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆக்னஸ், இறங்கு. தள்ளு."

"வேலூர் வரைக்குமா? இன்னா பேசறீங்க?"

"தள்ளுடி."

கொதிக்கும் தார் ரோட்டில் இரண்டு பேரும் தள்ளினார்கள். இப்போது பரவாயில்லை என்று கிரேஸி உள்ளேயிருந்து சொன்னாள்.

அப்போது எஞ்சின் தானாகக் கிளம்பியது.

பிடித்திருந்த கதவு கையை விட்டு நழுவியது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் நிதானமாகத் திரும்பியது. பின்கண்ணாடியில் கிரேஸியின் உள்ளங்கை அறைந்தது. மறுபடி அறைந்தது. அப்புறம் வழுக்கிக் கீழே போனது.

பஸ் பிடித்து அவர்கள் வேலூர் சேர்ந்தபோது, கார் ஆஸ்பத்திரி வாசலில் ஒழுங்காக நின்றிருந்தது. பக்கத்தில் ஸ்ட்ரெச்சர். கிரேஸியை முகம் வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வயிற்று மேடு அசையவில்லை.

வாட்ச்மேன் அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். "உங்க வண்டியா சார்? ஆஃப் ஆவல. பேட்டரி ஒயரக் கழட்டியாச்சு. பெட்ரோல் டியூபையும் புடுங்கியாச்சு."

தேவசகாயம் பானெட்டின் மேல் குனிந்தார்.

உள்ளே வீரபாகு நிதானமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து ஒரு பெண்ணின் மூச்சு. அதற்கும் அடியில், பூனைக்குட்டி போல, மிகச் சின்னதாக இன்னொன்று.