பகல் பூட்டு

கண்ணாடித் துண்டில் ஐரீன் அழுத்தியது தன் வலது கட்டைவிரலைத்தான். ஆனால் கறுப்புப் பவுடரைத் தூவி பிரஷ்ஷால் மெல்லத் தட்டியதும் எழுந்துவந்த ரேகையின் நடுவே, சாய்வாக ஒரு கோடு ஓடியது. ஆறிப்போன பழைய வெட்டுக்காயம். அவள் விரலில் அப்படி எதுவும் கிடையாது.

பக்கத்திலிருந்த ஃபரா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மீன் வெட்டுற ஆளு கையாட்டம் கீது?"

"பவுடர் சரியா ஒட்டல," என்று சொல்லி ஐரீன் வெள்ளைக் கோட்டின் முனையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். துடைப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

தடய அறிவியல் முதுகலை மாணவிகளின் கல்விச் சுற்றுலா அது. காலையில் ஒரு பல்கலைக்கழகத் துறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போது திருவொற்றியூரில் பழைய கிடங்கு ஒன்றைச் சீரமைத்துக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். சுற்றிக் காட்டியவர் பிராங்கிளின் என்ற அதிகாரி, நல்ல மனுஷன், எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக். எல்லோரும் சிரித்தார்கள். ஐரீன் தன் கட்டைவிரலை ஆட்காட்டி விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். விரல் வழவழப்பாகத்தான் இருந்தது.

அந்தச் சாய்ந்த வெட்டுக்கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். சில்வியா சித்தியின் கோடு அது. அம்மா போன பிறகு ஐரீனை ராயபுரத்து வீட்டில் வைத்து வளர்த்தவள். விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் ஆய்ந்துவிட்டு, சாப்பிட்டதும் பகலெல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாள். கடல் காற்றில் அவர்கள் கதவின் உள்தாழ்ப்பாள் எப்போதோ இற்றுப்போயிருந்தது. அதனால் வெளியே போகிறவர் தூங்குகிறவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிப் போவார். அந்தத் தெருவில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். பகலில் பூட்டுத் தொங்கினால் யாரும் தட்டி எழுப்பமாட்டார்கள்.

போன மழைக்காலத்தில், தெருக்கோடி ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கசிந்த மத்தியானமும் அப்படித்தான் பூட்டியிருந்தது. ஐரீன் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. கண் எரிய, நெஞ்சு அடைக்க, சனம் அவளைத் தள்ளிக்கொண்டே பாலம்வரை வந்துவிட்டது. முகமூடி போட்ட தீயணைப்புக்காரர் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். "உன் வூட்ல யாருனா கீறாங்களா?"

இருக்காங்க என்று சொன்னால் வீட்டைக் காட்ட அவளும் திரும்பி அந்தப் புகைக்குள் போகவேண்டும்.

"யாரும் இல்ல சார்," என்றாள்.

பூட்டுத் தொங்கிய அந்த வீட்டுப் பக்கம் யாரும் வரவே இல்லை. சாயங்காலம் அவளே போய்த் திறந்தாள். சித்தி கதவோடு ஒட்டிக் கிடந்தாள். கதவின் உள்பக்கம், தலை உயரத்திலிருந்து தரைவரைக்கும், கைகள். மீன் செதில் ஒட்டிய கைகள். தடயத்தைப் பற்றிப் படிக்கிறவள் ஈரத்துணியை எடுத்து அத்தனையையும் துடைத்தாள். பூட்டைப் பைக்குள் போட்டாள். பிறகுதான் ஆளைக் கூப்பிட்டாள். நான் போனபோது சித்தி வீட்டிலேயே இல்லை, நடுவில் வந்திருப்பாங்க என்று சொல்லி அழுதாள். அழுகை மட்டும் நிஜம். தெருவே அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னது. அதை வாங்கிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்காது.

கடைசியாக இருட்டறை. உள்ளே நுழையும்போதே பிராங்கிளின் கதவைக் காட்டிச் சொன்னார். "உள்பக்கம் கைப்பிடி கழண்டுபோச்சும்மா. வெளிய தாழ் போட்டா அவ்ளோதான். யாரும் தூங்கிடாதீங்க." மறுபடி சிரிப்பு.

ஆளுக்கொரு சின்ன ஊதா விளக்கு கொடுத்தார். மேஜையில் டம்ளர், செருப்பு, பழைய போன். ஒளிரும் பவுடர் தூவியிருந்தார்கள். பெரிய விளக்கை அணைத்ததும் அவற்றின்மேல் விரல்தடங்கள் பச்சையாகப் பூத்தன. மாணவிகள் 'ஹே' என்றார்கள். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில் ஒரு வாடை. முதலில் மீன் கழுவிய தண்ணீரின் வாடை. பிறகு மூக்கைக் குத்துகிற, கண்ணில் நீர் வரவழைக்கிற இன்னொன்று. ஐரீன் சுற்றிலும் பார்த்தாள். வேறு யாரும் இருமவில்லை.

ஃபராவின் விளக்கு ஐரீனின் முதுகுப்பக்கம் திரும்பியது. "ஏய், உம்மேல யார்டி கை வெச்சது?"

வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டு தோளிலும் முழு உள்ளங்கைகள், பச்சையாக. பின்னாலிருந்து யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி. வலது கட்டைவிரல் தடத்தில் சாய்ந்த கோடு.

"சேட்டை பண்ணாதீங்கம்மா," என்றார் பிராங்கிளின். "வாங்க, பஸ் நிக்குது."

கோட்டு கையிலிருந்து நழுவியது. வாடை நெஞ்சை அடைத்தது. மேஜைக்குப் பின்னால் மூலையில் குந்தி, கைக்குட்டையை முகத்தில் அழுத்தி, கண்ணை இறுக மூடினாள். மன்னிச்சிடு சித்தி. மன்னிச்சிடு. செருப்புகள் உரசிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது இருட்டு. கதவு சாத்தியிருந்தது.

வெளியே பிராங்கிளினின் குரல். "உள்ள யாராவது இருக்கீங்களாம்மா?"

இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை வெந்துபோயிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒரு குரல் பதில் சொன்னது.

"யாரும் இல்ல சார்."

அவளுடைய குரல். பாலத்தில் சொன்ன அதே குரல்.

தாழ் விழுந்தது.

"சீக்கிரம் வாடி ஐரீன்," என்றாள் ஃபரா. "சீட்டு போய்டும்." இரண்டு பேர் சிரித்துக்கொண்டே நடந்துபோனார்கள்.

தரையில் விளக்கடித்தாள். நழுவிய வெள்ளைக் கோட்டைக் காணோம். வாடை ஏறியது. தவழ்ந்து கதவுக்குப் போனாள். தட்டினாள். எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டினாள். முட்டி போட்டு, பிறகு இன்னும் தாழ்ந்து.

தட்டிய இடமெல்லாம் பச்சைக் கைகள். தலை உயரத்திலிருந்து தரைவரைக்கும்.

விளக்கைத் தன் கட்டைவிரலருகே கொண்டுபோனாள். தோல் தடித்து, வெடித்திருந்தது. நகத்தடியில் செதில் மின்னியது. நடுவே சாய்வாக ஒரு கோடு.

வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.